காதில் ஓயாத ‘கொய்ங்’: தறி ஓட்டுபவரின் ஆடியோகிராம், அடுத்து என்ன செய்வது?

தறிச்சத்தம் (இழையைத் தொடங்கியவர்)

பள்ளிபாளையம் பக்கம் நாடாத்தறி ஓட்டுபவர். ஆண், வயது 43. இரண்டு காதிலும் இரவு பகல் பாராமல் ‘கொய்ங்’ என்ற இரைச்சல். படுத்தால் இன்னும் அதிகம், தூக்கமே இல்லை. வலி, சீழ், தலைச்சுற்றல் எதுவும் கிடையாது. சர்க்கரையும் இல்லை.

ஆடியோகிராம் (ஒவ்வொரு ஸ்தாயியிலும் எவ்வளவு சத்தம் வைத்தால் கேட்கிறது என்ற சோதனை; எண் கூடினால் கேட்பு மோசம்), வலது காது: 250 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை 15 டெசிபல், 2000-ல் 20, 3000-ல் 40, 4000-ல் 55, 6000-ல் 50, 8000-ல் 30. இடது காதும் அப்படியே, 4000-ல் மட்டும் 60. பட்டறைக்குள் செல்போன் செயலி 98 காட்டுகிறது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பீட்டாஹிஸ்டினும் ஜிங்கோவும் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார், பிரயோஜனம் இல்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கடன் வாங்கி எடுக்கத் தயாராக இருக்கிறார். தேவையா? தறிச் சத்தம்தான் காரணமா? இது நிற்குமா?

செவியளவை (ஆடியாலஜிஸ்ட்)

நல்லவேளை, எண்களோடு வந்தீர்கள். 4000-ல் பள்ளம் விழுந்து 8000-ல் மறுபடி மேலே ஏறுகிறது பாருங்கள், அதுதான் இரைச்சல் பாதிப்பின் கையெழுத்து. வயதால் வரும் கேட்புக் குறைவில் 8000-தான் எல்லாவற்றையும்விட மோசமாக இருக்கும். இப்படித் திரும்பி ஏறாது. பள்ளம் சரியாக அந்த இடத்தில் விழக் காரணம் உண்டு. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக்குழல் 3000 ஹெர்ட்ஸ் சுற்றிய ஒலியைத் தானாகவே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அந்த ஒலிக்குச் சற்று மேலே உள்ள பகுதியில்தான் காக்ளியாவின் (உள்காதின் நத்தைச் சுருள்) ஒலியை உணரும் முடியணுக்கள் முதலில் சாகின்றன. காதுக்குச் சுமார் 12,000 வெளி முடியணுக்கள், 3,500 உள் முடியணுக்கள். போனது போனதுதான், திரும்ப முளைக்காது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், காதிலிருந்து இல்லை. 4000 ஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து மூளைக்குப் போகும் சேதி குறைந்துவிட்டது. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் கொரகொரப்புதான் பெரிதாகக் கேட்கும். மூளையின் கேட்புப் பாதை அதைத்தான் செய்கிறது. அதனால்தான் செவி நரம்பை வெட்டியே எடுத்தவர்களில் பலருக்கும் இரைச்சல் நிற்கவில்லை. இவருடைய ‘கொய்ங்’ எந்த ஸ்தாயி என்று பொருத்திப் பார்த்தால் அநேகமாக அந்தப் பள்ளத்தின் எல்லைக்குள்ளேயே வந்து நிற்கும்.

ஒரு கேள்வி. இந்த ஆடியோகிராம் எப்போது எடுத்தது? ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடா, லீவு நாளிலா? பதில் முக்கியம்.

இஎன்டி_தெற்கு

மேலே சொன்னது சரி. எம்ஆர்ஐ பற்றி: இரண்டு காதிலும் ஒரே அளவு, தெளிவான காரணம், நரம்புக் கோளாறு எதுவும் இல்லை. இவருக்கு வேண்டாம். அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அந்தக் கடனை வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

எடுக்க வேண்டியவர்கள் வேறு. இரைச்சல் ஒரே காதில்; அல்லது இரண்டு காதுக்கும் அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் 15–20 டெசிபல் வித்தியாசம்; அல்லது முகம் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம். அங்கே செவி நரம்புக் கட்டியைத் தேட வேண்டும். பெரும்பாலும் புற்று அல்ல, மெதுவாக வளர்வது, ஆனாலும் தெரிந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று அவசரம், இதை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்த மாதிரி, கூடவே இரைச்சல். ‘சளி அடைப்பு, தானா சரியாகும்’ என்று பத்து நாள் ஆவி பிடித்துக்கொண்டிருப்பார்கள். 72 மணி நேரத்துக்குள் அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலுக்கு மேல் இறங்கியிருந்தால் அது திடீர் நரம்புக் கேளாமை. ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு 60-க்கு மிகாமல், மருத்துவர் கையால். சர்க்கரை உள்ளவர்களுக்குச் செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஊசியாகவே கொடுக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை: வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். முனகல் அடைத்த காதுப் பக்கம் சாய்ந்து கேட்டால் குறும்பி, நீர் மாதிரி சாதாரண அடைப்பாக இருக்க வாய்ப்பு. நல்ல காதுப் பக்கம் ஓடினால் அன்றே கிளம்புங்கள்.

நாடித்துடிப்பு

டாக்டர், சிலர் ‘கொய்ங்’ என்று சொல்வதில்லை. தலையணையில் காதை வைத்தால் ‘புஸ்ஸு புஸ்ஸு’ என்று இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கிறது என்கிறார்கள். அதுவும் இந்தக் கணக்கில்தானா?

இஎன்டி_தெற்கு

இல்லை. அது வேறு நோய்க் குடும்பம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அது மூளை உண்டாக்கும் சத்தமில்லை; ரத்த ஓட்டத்தின் சத்தமே கேட்கிறது.

முதலில் மலிவான சோதனைகள்: ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்த அழுத்தம். நம்மூர்ப் பெண்களில் ரத்தசோகைதான் அடிக்கடி மாட்டுகிறது. ரத்தம் நீர்த்தால் ஓட்டம் வேகமெடுத்துச் சத்தம் போடும். அடுத்து, கேட்கும் பக்கத்துக் கழுத்தில், தாடைக்குக் கீழே, மருத்துவர் விரலால் மிருதுவாக அழுத்துவார். சத்தம் நின்றால் சிரை சம்பந்தப்பட்டது. நீங்களாக இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பார்க்காதீர்கள், மயக்கம் வரும்.

உடல் எடை கூடிய இளம்பெண், தலைவலி, அவ்வப்போது பார்வை மங்கல், கூடவே இந்தச் சத்தம் என்றால் கண் மருத்துவரிடம் பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், விட்டால் பார்வையே போகும். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதாவது துடித்தால் குளோமஸ் என்ற ரத்தநாளக் கட்டி. இவர்களுக்கெல்லாம் ஸ்கேன் கட்டாயம்.

‘டிக் டிக்’ என்று ஒழுங்கில்லாமல் கேட்டால் அண்ணத்துத் தசையோ நடுச்செவித் தசையோ துடிப்பது. ‘கரகர’ என்று திடீரென்று ஆரம்பித்தால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே எறும்பு இருக்கும். சிரிக்காதீர்கள், இரவு பணி பார்க்கும் எந்த மருத்துவரையும் கேளுங்கள்.

தாடைஎலும்பு

பல் மருத்துவம் பக்கமிருந்து ஒரு குறிப்பு. பல்லைக் கடித்து அழுத்தினாலோ, தாடையை முன்னே தள்ளினாலோ, கழுத்தைத் திருப்பினாலோ சத்தத்தின் அளவு மாறுகிறதா என்று கேளுங்கள். முகம், தாடையிலிருந்து வரும் நரம்பும் கேட்புப் பாதையின் முதல் நிலையத்தில்தான் வந்து சேர்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இரவில் பல்லுக்கு மாட்டும் உறையும், தாடைப் பயிற்சியும் உதவும். சத்தம் மாறுகிறது என்பதாலேயே தாடைதான் மூலக் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. கேட்புக் குறைவால் வந்த சத்தம்கூடப் பலருக்கு இப்படி மாறும். தாடையில் வலியோ ‘டக்’ சத்தமோ இருந்தால் மட்டும் எங்களிடம் அனுப்புங்கள்.

மருந்தாளுநர்

மெடிக்கல் ஷாப் மாத்திரை பற்றி. பீட்டாஹிஸ்டின், மெனியர் என்ற உள்காது நோயின் தலைச்சுற்றலுக்காக எழுதப்படுவது. காது இரைச்சலுக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2020-ல் நேரடியாகவே சொல்லிவிட்டது. ஜிங்கோவுக்கும் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதோடு அது ரத்தம் உறைவதைத் தளர்த்தும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர் சும்மா சேர்த்துக்கொள்ளக் கூடாது. பி12, துத்தநாகம் எல்லாம் குறைபாடு இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் காசுக்குக் கேடு. இரைச்சலை நிறுத்தும் மாத்திரை என்று உலகத்தில் ஒன்றுக்குக்கூட இன்னும் அங்கீகாரம் கிடையாது.

இரைச்சலை வரவழைக்கும் மருந்துகள் இருக்கின்றன, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆன்டிபயாடிக்குகளான ஜென்டாமைசின், அமிகாசின், பழைய காசநோய் ஊசிகளான ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின்: இவை முடியணுவையே கொல்லும், திரும்பாது. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினும் அப்படித்தான். நீர் பிரிக்கும் மருந்தான ஃபுரோசமைடை நரம்பில் வேகமாக ஏற்றினால் வரும்; அதிக அளவு கொடுக்கும்போது நிமிடத்துக்கு 4 மில்லிகிராமைத் தாண்டாமல் ஏற்றினால் தவிர்க்கலாம். குவினைன், அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவற்றால் வருவது பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் போய்விடும். இதயத்துக்காகச் சாப்பிடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் காது சத்தத்துக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அந்த அளவு அதைச் செய்யாது. காதுக்கு இருப்பது வெறும் சத்தம், இதயத்துக்கு வந்தால் அடைப்பு.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேரே நடுச்செவிக்குப் போகும். ஓட்டை இல்லையென்றாலும் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

குறும்பி

இவருக்குக் குறும்பி பார்த்தாகிவிட்டதா? பட்டறையில் பஞ்சுத் தூசு அதிகம். குறும்பியோடு சேர்ந்து கெட்டித்துப்போகும்.

செவியளவை

நல்ல கேள்வி. ஆடியோகிராம் எடுக்கும் முன்பே காதுக்குள் பார்த்திருக்க வேண்டும். குறும்பி முழுக்க அடைத்திருந்தால் தாழ்ந்த அலைவரிசைகளும் சேர்ந்து இறங்கியிருக்கும். 250–1000-ல் 15 என்பதால் இவருக்கு அது முக்கியக் காரணமில்லை.

இருந்தால் எடுக்கும் முறை: ஓட்டை இல்லை என்று உறுதியானபின் 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டோ, கடையில் கிடைக்கும் குறும்பி கரைப்பானோ, மூன்று நான்கு சொட்டு, நாளுக்கு இரண்டு வேளை, மூன்று முதல் ஐந்து நாள். காது மேலே இருக்கும்படி ஐந்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முதல் நாள் அடைப்பு அதிகமான மாதிரி இருக்கும். குறும்பி ஊறி உப்புகிறது, பயப்பட வேண்டாம். பிறகு கிளினிக்கில் உறிஞ்சியோ, உடல் சூட்டுத் தண்ணீரால் கழுவியோ எடுப்பார்கள். 37 டிகிரிக்குக் குறைந்த தண்ணீரை அடித்தால் தலை கிறுகிறுவென்று சுற்றும். பட்ஸ், ஊக்கு, சாவி, தீக்குச்சி எதுவும் வேண்டாம்; உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்தத்தான் அவை உதவும்.

ஒலிப்பொறி

98 என்று செயலி சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், செல்போன் மைக் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அளவீடு செய்த இரண்டாம் வகுப்பு ஒலிமானியை, ‘ஏ’ (மனிதக் காது கேட்கும் விதத்துக்கேற்ற அளவீடு), ‘ஸ்லோ’ இரண்டிலும் வைத்து, தறிக்காரர் நிற்கும் இடத்தில் அவர் காது உயரத்தில் பிடியுங்கள். கருவி இல்லாத இடத்தில் ஒரு கைநீளத் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

98 என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. நம் தொழிற்சாலை விதியின் வரம்பு 8 மணிக்கு 90. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஷிஃப்ட் முழுக்க 98-ல் நிற்பது கேடு.

பஞ்சை உருட்டிக் காதில் வைப்பது கணக்கிலேயே வராது. ஃபோம் காதடைப்பான் வாங்குங்கள், பாக்கெட்டில் என்ஆர்ஆர் எண் (எவ்வளவு சத்தம் குறைக்கும் என்ற மதிப்பு) இருக்கும். 33 போட்டிருந்தால் 33 குறையும் என்று நினைக்காதீர்கள். 7-ஐக் கழித்து இரண்டால் வகுங்கள்: 13. 98-லிருந்து 13 போனால் 85. கச்சிதமாக விளிம்பில் நிற்கிறது, சரியாக மாட்டினால் மட்டும்.

சரியாக மாட்டுவது: கை கழுவிவிட்டு, மெல்லிய குச்சி மாதிரி மடிப்பு விழாமல் உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள், குழல் நேராகும். உள்ளே விட்டு, விரலால் 30 விநாடி பிடித்திருங்கள், ஃபோம் விரியும்வரை. நேருக்கு நேர் நின்று பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரியக் கூடாது. தெரிந்தால் பாதிதான் போயிருக்கிறது.

இன்னொன்று. 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தால்கூட, அன்றைய மொத்தப் பலன் 12 டெசிபலாக இறங்கிவிடும். நூல் அறுந்த இடத்தில் பேச வேண்டும் என்று கழற்றுகிறார்களே, அங்கேதான் எல்லாம் போகிறது. பேச வேண்டுமென்றால் வெளியே வந்து பேசட்டும்.

தறிச்சத்தம்

நன்றி. அவர் இப்போது பயந்துபோய் வீட்டிலும் அடைப்பான் போட்டுக்கொண்டே இருக்கிறார். பாத்திரச் சத்தம்கூடத் தாங்கவில்லையாம்.

செவியளவை

உடனே கழற்றச் சொல்லுங்கள். வீட்டில் அடைத்தால் மூளைக்கு வரும் சேதி இன்னும் குறையும், அது வால்யூமை இன்னும் கூட்டும். பாத்திரச் சத்தம் தாங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பட்டறையில் கட்டாயம், தீபாவளிப் பட்டாசுக்கும், கல்யாண மண்டபக் குழாய் ஸ்பீக்கருக்கும் சரி. அடுப்படியிலும் தெருவிலும் வேண்டவே வேண்டாம்.

அமைதியும் இவருக்கு எதிரிதான். 1953-ல் ஹெல்லரும் பெர்க்மனும் கேட்புக் குறையில்லாத 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். நிசப்தத்தில் யாருக்குமே ஏதாவது கேட்கும். ஆகவே இரவில் மின்விசிறி, மழைச் சத்தம், அலை இரைச்சல் எதையாவது ஓடவிடுங்கள். இயர்போனில் அல்ல, அறையில் தள்ளி வைத்த ஸ்பீக்கரில். அளவு முக்கியம்: ‘கொய்ங்’ மறையக் கூடாது, பின்னால் மெலிதாகக் கேட்டபடி இருக்க வேண்டும். முழுக்க மூடினால் அந்த நேரத்துக்கு நிம்மதி, ஆனால் மூளை பழகாது. இதற்கு மட்டும் அளவில் கறாராக இருங்கள்.

இரவுக்காவல்

இதில் எனக்கு உடன்பாடில்லை. தூக்கமே இல்லாத ஆளிடம் ‘கொஞ்சம் கேட்கட்டும், பழகும்’ என்பது கொடுமை. முழுக்க மூடினால் தூங்குவாரே?

செவியளவை

முதல் இரண்டு வாரம் தூக்கத்துக்காக மூடினால் தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். பிறகு சில நாளுக்கு ஒருமுறை ஒரு படி குறைத்துக்கொண்டே வாருங்கள். மூடுவதற்காக ஒலியைக் கூட்டிக் கூட்டி 70–80-க்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

காது மிஷின் பற்றி: தாழ்ந்த அலைவரிசை நன்றாக இருப்பதால் குழலை அடைக்காத, திறந்த முனை உள்ள காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. 3000–6000-ஐ மட்டும் தூக்கிக் கொடுக்க வேண்டும். அடைத்த அச்சு போட்டால் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டு, ஒரே வாரத்தில் பெட்டியில் வைத்துவிடுவார். இரண்டு காதுக்கும் வேண்டும். விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், அதனால் சோதித்துப் பார்க்க அவகாசம் தரும் இடத்தில் வாங்குங்கள். பட்டறைக்குள் மிஷின் போடக் கூடாது, அங்கே அடைப்பான்தான். அரசின் இலவச மிஷினை எதிர்பார்க்க வேண்டாம்: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைந்த கேட்புத்திறன் என்பதே இரண்டு காதிலும் 60 டெசிபலில்தான் தொடங்குகிறது, இவருடைய பேச்சு அலைவரிசை அதற்கு வெகு தூரம்.

உளநலம்_கோவை

மருத்துவமனையில் சத்தத்தை அளந்தால் பெரும்பாலோருக்கு அது கேட்கும் எல்லைக்கு மேலே 10 டெசிபலுக்குள்தான் இருக்கும். இலை சலசலக்கும் அளவு. அதே அளவு சத்தத்தோடு ஒருவர் நிம்மதியாக வேலை பார்க்கிறார், இன்னொருவர் உயிரே வேண்டாம் என்கிறார். வித்தியாசம் மூளை அந்தச் சத்தத்தை ஆபத்து என்று குறித்துக்கொண்டதில் இருக்கிறது. அதைத் தளர்த்துவதில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குத்தான் வலுவான ஆதாரம். சத்தத்தை அது குறைக்காது, அவதியைக் குறைக்கும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் நான்காவது வாரம் ‘இன்னும் கேட்குதே’ என்று விட்டுவிடுவார்.

ஆரம்பிக்கும் முன் டிஎச்ஐ படிவம் (காது இரைச்சல் எவ்வளவு பாதிக்கிறது என்ற கேள்வித்தாள்) நிரப்புங்கள்: 25 கேள்வி, 0 முதல் 100. 36 வரை லேசு, 38–56 நடுத்தரம், 58-க்கு மேல் கடுமை. மூன்று மாதம் கழித்து மறுபடி நிரப்புங்கள். ‘கேட்கிறதா?’ என்று தினமும் சோதித்துப் பார்ப்பதைவிட இது நேர்மையான அளவுகோல்.

தூக்கத்துக்கு: எழும் நேரம் ஷிஃப்டுக்கேற்ப ஒன்றாக இருக்கட்டும். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுங்கள். காபியை நிறுத்தினால் இரைச்சல் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மாலைக்குமேல் வேண்டாம், அது தூக்கத்துக்காக. காலை டிகாஷனில் கை வைக்காதீர்கள், திடீரென நிறுத்தினால் தலைவலிதான் மிச்சம்.

வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள், இலவசம்.

கருவிப்பித்து

நாக்கில் மின்தூண்டல் கொடுக்கும் லெனிர் கருவி பற்றி யாரும் சொல்லவில்லையே?

இஎன்டி_தெற்கு

அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2023-ல் அனுமதித்தது உண்மை. காதில் ஒலி, நாக்கில் லேசான மின்துடிப்பு, இரண்டும் சேர்த்து வாரக்கணக்கில். சிலருக்குக் குறைகிறது. விலையைப் பார்த்தால் இவருக்கு அடைப்பான், ஸ்பீக்கர், மிஷின் மூன்றையும் முடித்துவிட்டு யோசிக்க வேண்டிய விஷயம்.

தறிச்சத்தம்

மேலே கேட்ட கேள்விக்கு இப்போதுதான் விசாரித்தேன். ஆடியோகிராம் இரவு ஷிஃப்ட் முடிந்து, காலையில் நேராகப் போய் எடுத்தது. இஎஸ்ஐ-யில் இழப்பீட்டுக்கு மனுப் போடலாமா என்றும் கேட்கிறார்.

செவியளவை

அப்படியென்றால் இந்த எண்களை இறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஷிஃப்ட் முடிந்ததும் காது தற்காலிகமாகக் களைத்திருக்கும். அந்த 55, 60-ல் எவ்வளவு திரும்பும், எவ்வளவு நிரந்தரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. குறைந்தது 14 மணி நேரம் சத்தத்தில் நிற்காமல் எடுக்க வேண்டும். வார லீவு முடிந்து ஷிஃப்ட் ஏறுவதற்கு முன்னால் எடுப்பது உத்தமம். அந்த இடைவெளியில் பைக் நீண்ட தூரம் ஓட்டுவது, ஹெட்போன் எல்லாம் கூடாது. எலும்பு வழிக் கேட்பும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நடுச்செவிக் கோளாறு இல்லை என்று காகிதத்தில் காட்ட முடியாது.

இஎன்டி_தெற்கு

மனுவுக்கும் அந்த இரண்டாவது அறிக்கைதான் வேண்டும். இரைச்சலால் வரும் கேட்புக் குறைவு சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பட்டறையின் ஒலி அளவு, எத்தனை வருடம் வேலை, இரண்டு அறிக்கைகளும் சேர்த்துக் கொடுங்கள். முதல் அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் ஓரத்தில் ‘ஷிஃப்ட் முடிந்த உடன் எடுத்தது’ என்று தேதியோடு எழுதி வையுங்கள்.